இத்தாலிச் சிற்றூர்களில் தோள்பையுடன் நண்பர்கள் நால்வர்: எந்த வட்டாரம், என்ன சாப்பாடு?

நெய்தல்நிலவன்:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மாதப் பிற்பாதியில், கல்லூரிக் காலத்து நண்பர்கள் நால்வர் ஆளுக்கொரு தோள்பையுடன் இத்தாலிக்குச் செல்ல இருக்கிறோம். யாரைக் கேட்டாலும் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், மிலான் என்ற ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். எங்களுக்கு அதில் நாட்டமில்லை. சிறிய ஊர்களில் தங்கி, நடந்து திரிந்து, அந்தந்த ஊரில் விளைவதை அந்தந்த ஊரார் சமைக்கும் விதத்திலேயே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அருங்காட்சியக வாசலில் வரிசையில் நிற்கும் பொறுமை எங்களில் எவருக்கும் கிடையாது.

ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவன் முட்டையும் தொடாத சைவன். பால், தயிர், வெண்ணெய் சாப்பிடுவான். இன்னொருவன் முட்டை வரை வருவான். மற்ற இருவருக்கும் எந்தத் தடையும் இல்லை. வாடகைக் கார் வேண்டாம், ரயிலிலும் நடந்தும் போவது என்பதில் நால்வரும் ஒரே கருத்தாக இருக்கிறோம். எந்த வட்டாரத்தைத் தேர்ந்தால் நால்வரும் வயிறார, மனமாரத் திரும்பலாம் என்று போய்வந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கரிசல்காட்டான்:

தம்பி, பெருநகரங்களை விட்டது நல்ல முடிவு. கையோடு, இத்தாலி முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஒரு வட்டாரமும் ஒரு ரயில் பாதையும் போதும். என் தேர்வு எமிலியா ரொமாஞா. கி.மு. 187இல் ரோமானிய கான்சல் (ஆட்சித் தலைவர்) மார்க்கஸ் எமிலியஸ் லெப்பிடஸ் ரிமினியிலிருந்து பியாசென்சா வரை போட்ட நேர்ச்சாலையின் பெயரைத்தான் அந்த நிலம் இன்றும் தாங்கி நிற்கிறது. பொலோன்யா, மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா ஆகிய நான்கும் அந்தச் சாலையின் மேலேயே அமைந்த ஊர்கள். ரயில் பாதையும் அதை ஒட்டியே ஓடுகிறது. பொலோன்யாவிலிருந்து பார்மாவுக்கு ரீஜனல் எனப்படும் வட்டார ரயில் வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்குப் பையைச் சுமக்காமலேயே போய்வரலாம்.

இவ்வளவு நெருக்கமான ஊர்களுக்குள் சமையல் மாறுவதுதான் எனக்குப் பெரிய வியப்பு. மாவுக்குள் பூரணம் வைத்து இறைச்சிச் சாற்றில் மிதக்கவிடும் பாஸ்தா பொலோன்யாவிலும் மோதெனாவிலும் தொர்த்தெல்லினி, ரெஜ்ஜோவில் கப்பெல்லெத்தி, பார்மாவில் அனொலினி. வடிவமும் பூரணமும் ஊருக்கு ஊர் வேறு, எங்களுடையதே உசத்தி என்ற பெருமை மட்டும் எல்லா ஊருக்கும் பொது. பொலோன்யாவின் இறைச்சிக் குழம்பான ரகூவுக்குரிய செய்முறையை 1982இல் அவ்வூர் வணிகச் சபையில் முறைப்படி பதிவே செய்துவைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய பிடிவாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தவறவிட்டாலும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ செய்யும் பாலாடைக்கட்டிக் கூடம் ஒன்றை விடியற்காலையில் பார்க்காமல் வராதீர்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பல கூடங்களில் அனுமதிக்கிறார்கள். கவிழ்த்த மணி வடிவிலான செப்புக் கொப்பரையில், முந்தைய மாலை கறந்து ஆடை எடுத்த பாலையும் அன்று காலை கறந்த பாலையும் சேர்த்துக் காய்ச்சாமலே உறையவிடுகிறார்கள். உறைந்ததை நீண்ட கம்பிக் கருவியால் அரிசி நொய் அளவுக்கு உடைத்து, 55 பாகை வரை சூடேற்றுகிறார்கள். தலைமைக் கைவினைஞர் அவ்வப்போது கையை உள்ளே விட்டு, ஒரு பிடி குருணையை விரல்களுக்கு நடுவே அழுத்திப் பார்க்கிறார். அந்தப் பதத்தை எந்தக் கருவியும் அவருக்குச் சொல்வதில்லை. பிறகு அடியில் திரண்ட கட்டியை இருவர் துணியில் தூக்கி, இரண்டாக அறுத்துத் தொங்கவிடுகிறார்கள். ஏறத்தாழ 550 லிட்டர் பாலுக்கு 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரம் கிடைக்கும். அது குறைந்தது 12 மாதம் கிடங்கில் முதிர வேண்டும். முதிர்ந்ததைச் சிறு சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டே உள்ளே வெடிப்பு உண்டா என்று சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் சைவ நண்பருக்கும் கவலை இல்லை. பாலாடைக்கட்டியும் கீரைப் பூரணம் வைத்த தொர்த்தெல்லியும் தாராளமாகக் கிடைக்கும்.

அடுப்பங்கரை:

கரிசல்காட்டான் தம்பி எழுதிய கூடக் காட்சி அருமை. ஆனால் கடைசிப் பத்தியை நம்பி நெய்தல்நிலவன் பயணச்சீட்டு வாங்கினால், அந்தச் சைவப் பிள்ளை பாதி நாட்கள் பட்டினி கிடக்கும். ஆகவே இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது, பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் வேறு உறைப்பொருளுக்கு விதியே இடம் தருவதில்லை. கிரானா பதானோ என்ற பாலாடைக்கட்டியும் அப்படித்தான். பெக்கொரினோ ரொமானோ என்ற ஆட்டுப்பால் கட்டிக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். இரண்டாவது, எமிலியாவின் புதுப் பாஸ்தா எல்லாம் மென்கோதுமை மாவில் முட்டை உடைத்துப் பிசைந்தது. தாலியத்தெல்லே, லசாஞா, தம்பி சொன்ன கீரைத் தொர்த்தெல்லி எல்லாவற்றிலும் முட்டை உண்டு. மூன்றாவது, பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும் பூரி போன்ற ஞோக்கோ ஃபிரித்தோவை மரபுப்படி பன்றிக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். ரெஜ்ஜோவின் கீரை அடையான எர்பத்சோனேயிலும் அது பெரும்பாலும் சேரும். முட்டை சாப்பிடாத ஒருவருக்கு அங்கே உணவகத்தில் மிஞ்சுவது வாட்டிய காய்கறியும் ரொட்டியும்தான்.

ஆகவே நான் தெற்கே போகச் சொல்வேன். பூலியாவும் அதை ஒட்டிய பசிலிகாத்தாவில் இருக்கும் மத்தேராவும் தோள்பைக்காரர்களுக்கென்றே அமைந்த நிலம். அங்கே முட்டை, வெண்ணெய்க்குப் பதில் டூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் ஒலிவ எண்ணெயும்தான் சமையலின் அடித்தளம். நெடுங்காலம் ஏழ்மையில் கிடந்த உழவர்களின் சமையல் அது. இறைச்சி அரிதாகவும் பருப்பும் கீரையும் அன்றாடமாகவும் இருந்த வீடுகளிலிருந்து வந்தது. உலர்ந்த ஃபாவா அவரையைத் தோல் நீக்கிக் குழைய வேகவைத்து, பக்கத்தில் கசப்புச் சிக்கரிக் கீரையை வதக்கி வைத்து, மேலே பச்சை ஒலிவ எண்ணெயை ஊற்றித் தருவார்கள். நம் காப்பித்தூளில் கலக்கிறார்களே, அந்தச் சிக்கரிச் செடியின் இனம்தான் அந்தக் கீரை. எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒரு சைவர் சாப்பிடக்கூடிய முழு உணவு அது. பூலியாவின் தெற்கிலுள்ள லெச்சேயில் கொண்டைக்கடலையோடு பாஸ்தாவைச் சேர்த்து, அந்தப் பாஸ்தாவில் ஒரு பகுதியை மட்டும் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து மேலே போடும் சிச்செரி எ திரியா இருக்கிறது. இத்தாலியில் நான் சாப்பிட்டவற்றில் அதற்கே முதலிடம் கொடுப்பேன்.

பூலியாவின் தலைநகரான பாரியில் இறங்கியதும் பழைய நகரின் கோட்டைக்கு எதிரே ஆர்க்கோ பாசோ என்ற சந்துக்குள் போங்கள். வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் பெண்கள் ஒரெக்கியெத்தே செய்வார்கள். பிசைந்த மாவைக் கயிறாகத் திரித்து, கத்தி நுனியால் ஒரு துண்டை அறுத்து, அதே அசைவில் பலகையோடு சேர்த்துத் தேய்த்து இழுத்து, சுருண்டதைக் கட்டைவிரல் மேல் புரட்டிவிட்டால் சிறு காது போலாகிவிடும். ஒன்றுக்கு இரண்டு நொடிகூட ஆவதில்லை. ஆனால் சுற்றுலாக் கூட்டம் பெருகிய பிறகு, ஆலையில் செய்ததையும் கையால் செய்ததாகச் சொல்லி விற்பதாகப் புகார்கள் எழுந்து அதிகாரிகள் விசாரித்ததும் உண்டு. உங்கள் கண்ணெதிரே செய்ததை, ஓரம் சீரற்றும் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கரிசல்காட்டான்:

அக்கா சொன்ன ரென்னெட் விவரம் சரியானதே. ஆயினும் அது தெரிந்தும் பார்மெசானை, அதாவது பார்மிஜானோவை, சாப்பிடும் சைவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த முடிவை அந்த நண்பரே எடுக்கட்டும், நாம் அவருக்காக எடுக்க வேண்டாம். என் கேள்வி வேறு. நால்வரில் ஒருவருக்காக மற்ற மூவரும் ஐரோப்பாவின் மிகச் செழிப்பான உணவு நிலத்தை விட்டுவிட வேண்டுமா? அக்டோபரில் மோதெனாவின் மாடங்களில் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிய மணம் இன்னும் போயிருக்காது. அங்கே மரபான பால்சாமிக் வினிகரை ஓக், செர்ரி, முசுக்கட்டை என வெவ்வேறு மரப் பீப்பாய்களில் மாற்றி மாற்றிக் குறைந்தது 12 ஆண்டுகள் முதிரவிடுகிறார்கள். 25 ஆண்டு முதிர்ந்ததை எக்ஸ்ட்ராவெக்கியோ என்பார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஐஜிபி (புவிசார் குறியீடு பெற்ற) வகைக்கு 60 நாள் போதும். இரண்டையும் அடுத்தடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும். இதில் இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை.

கணக்குப்பிள்ளை:

எந்த வட்டாரம் என்பதை மற்றவர்கள் தீர்க்கட்டும். நண்பர்களோடு போகிறவர்களுக்குள் பூசல் வருவது பெரும்பாலும் பணத்தாலும் பசியாலும்தான் என்பதால் நான் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உணவகத்தில் அமர்ந்தாலே தலைக்கு இத்தனை என்று கொப்பெர்த்தோ என்ற கட்டணம் சேரும். பெரும்பாலான சிற்றூர்களில் ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை இருக்கும். உணவுப் பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது ஏமாற்று வேலை ஆகாது, சண்டை போடாதீர்கள். காப்பியைக் கல்லாவுக்கு முன் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை. முதுகில் பையோடு நின்று எஸ்பிரெசோவை இரண்டு மடக்கில் முடித்துவிட்டு நடப்பதுதான் உங்களுக்கு ஏற்றது. மதியம் இரண்டரை மணிக்கு அடுப்பு அணைந்தால் இரவு ஏழரை வரை பல உணவகங்களில் ஒன்றும் கிடைக்காது. பசித்தபோது சாப்பிடலாம் என்ற நம் ஊர் நினைப்போடு நாலு மணிக்கு ஒரு சிற்றூரில் இறங்கினால் பூட்டிய கதவுகள்தான் வரவேற்கும். அந்த நேரத்துக்கென்றே ரொட்டிச் சூளைக் கடைகள் இருக்கின்றன. ஃபோகாச்சாவை எடைபோட்டு வெட்டித் தருவார்கள். 'உன் எத்தோ' என்றால் நூறு கிராம்.

ரயிலைப் பொறுத்தவரை, ரீஜனல் வண்டிக்கு முன்பதிவு வேண்டியதில்லை. முன்கூட்டி வாங்கினாலும் அன்றே வாங்கினாலும் கட்டணம் ஒன்றே. காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும்; மறந்தால் அபராதம். கைபேசியில் வாங்கியதற்குச் செக்-இன் செய்ய வேண்டுமா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். விரைவு வண்டிகளுக்கு மட்டும் எவ்வளவு முன்னதாக வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு.

தங்குவதற்கு நால்வரும் தனித்தனிப் படுக்கை எடுப்பதைவிடச் சமையலறை உள்ள ஒரு வீட்டை எடுத்தால் செலவும் குறையும், சைவப் பிரச்சினையும் பாதி தீரும். அறை, ரயில், மளிகை ஆகியவற்றைப் பொதுப் பணத்திலும் உணவகச் செலவை அவரவர் பணத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சித் தட்டுக்கும் மதுவுக்கும் சேர்த்துச் சைவ நண்பர் சமபங்கு கட்டுவது முதல் நாள் பெருந்தன்மையாகத் தோன்றும், நான்காம் நாள் முகம் மாறும். பெரும்பாலான கடைகளில் மேசைக்கு ஒரே ரசீதுதான் தருவார்கள். ஒருவர் கட்டிவிட்டு அன்றிரவே கணக்கை முடித்துவிடுங்கள். அங்காடியில் காய்கறி எடுக்கும்போது அங்கே தொங்கும் பிளாஸ்டிக் கையுறையை அணிந்து எடுங்கள். பல அங்காடிகளில் நீங்களே எடைபோட்டு விலைச்சீட்டை ஒட்டியாக வேண்டும். வெறுங்கையால் தக்காளியை அழுத்திப் பார்த்தால் பக்கத்துப் பாட்டியே அதட்டுவார்.

நெய்தல்நிலவன்:

மூவருக்கும் நன்றி. ரென்னெட் பற்றி நண்பனிடம் கேட்டேன். தெரிந்த பிறகு சாப்பிட மனம் ஒப்பவில்லை என்கிறான். ஆகவே அடுப்பங்கரை அம்மா சொன்ன தெற்கு நோக்கித்தான் எங்கள் மனம் சாய்கிறது. சிசிலியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒருவன் கேட்கிறான். மத்தேராவுக்கு ரயில் இல்லை என்று ஓரிடத்தில் படித்தேன்; அதையும் யாராவது தெளிவுபடுத்த வேண்டும்.

பலெர்மோவாசி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். பல ஆண்டுகளாகச் சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் வசிக்கிறேன். 1980களிலிருந்தே எங்கள் ஆட்கள் இங்கே குடியேறி வந்திருக்கிறார்கள். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவளாக இந்த ஊர் வணங்கும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரினோ மலை ஏறிப் போகிறவர்களில் கத்தோலிக்கத் தமிழரும் உண்டு, சைவத் தமிழரும் உண்டு. ஆகவே நீங்கள் இங்கே வந்தால் தமிழ்க் குரல் கேட்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உங்கள் சைவ நண்பருக்கு இந்தத் தெருக்களில் கவலை குறைவு. பனெல்லே என்று ஒன்று உண்டு. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, பெரிய சட்டியில் அடிப்பிடிக்காமல் கிண்டி, சட்டியை விட்டுக் கழன்று வரும் பதத்தில் இறக்கி, மெல்லிதாகப் பரப்பி ஆறவிடுவார்கள். பிறகு துண்டு போட்டுப் பொரித்து, எள்ளுத் தூவிய பாணுக்குள் அடுக்கி, தேசிக்காய்ப் புளி பிழிந்து தருவார்கள். வெறும் கடலை மா, உப்பு, கொஞ்சம் இலை, எண்ணெய்தான். பலாரோ சந்தையில் காலையில் வண்டிக்காரரின் முன்னால் நின்றால், முதல் ஈடு எண்ணெயிலிருந்து வெளியே வரும்போதே பாணைப் பிளந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் வேலையாட்களைக் காணலாம். அவர்கள் நிற்கும் வண்டியில் வாங்குங்கள். அதே எண்ணெயில் வேறு எதையும் பொரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தரிக்காயைப் பொரித்து, செலரி, கேப்பர் மொட்டு, வினாகிரி, சீனி சேர்த்துச் செய்யும் கப்பொனாத்தா, கத்தானியா பக்கம் போனால் கத்தரிக்காயும் உப்பிட்ட ரிக்கோத்தாவும் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா, காலையில் பாதாம் கிரானீத்தா என்று அடுக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சோற்று உருண்டையான அரன்சீனாவில் 'வெண்ணெய்' என்று பெயர் சொல்வதற்குள்ளும் பன்றித் தொடை இறைச்சி இருக்கும். தடித்த பீட்சா போல இருக்கும் ஸ்ஃபின்சோனேயில் நெத்தலி வகை மீன் கரைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் சொன்ன நானே இந்தப் பயணத்தில் சிசிலியைச் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாரியிலிருந்து பலெர்மோவுக்குத் தொடருந்தில் வருவது ஒரு முழு நாளை விழுங்கிவிடும். பலெர்மோவிலிருந்து கத்தானியா போகவே மூன்று மணித்தியாலம் ஆகும். இந்தத் தீவுக்குத் தனியாக ஒருமுறை வாருங்கள்.

அடுப்பங்கரை:

பலெர்மோவாசி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன்.

மத்தேரா கேள்விக்கு வருகிறேன். அங்கே அரசு ரயில் நிறுவனத்தின் வண்டி போகாது என்பது மெய்; ஆனால் பாரியிலிருந்து அல்தமூரா வழியாக அப்புலோ லுக்கானே என்ற குறும்பாதை ரயில் போகிறது. அதற்கு நிலையமும் தனி, சீட்டும் தனி. பெரிய நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் அந்தப் பாதையின் நேரங்கள் மாறும் என்பதால், மத்தேராவுக்குப் போவதை வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் அல்தமூராவில் இறங்காமல் போகாதீர்கள். அந்த ஊரில் பார்ப்பதற்கு ஒரு பேராலயம் உண்டு என்றாலும் நான் இறங்கச் சொல்வது ரொட்டிக்காக. அருகிலுள்ள வயல்களின் டூரம் கோதுமையை இருமுறை அரைத்த மஞ்சள் ரவை, புளித்த தாய்மாவு, உப்பு, தண்ணீர் தவிர அதில் ஒன்றும் இல்லை. 2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு அதற்குக் கிடைத்தது. தோல் தடிமனாக வெந்திருப்பதால் பல நாள் கெடாது. கி.மு. முதல் நூற்றாண்டில் இந்தப் பக்கமாகப் பயணம் போன ரோமக் கவிஞர் ஹொராஸ், இங்குள்ள ஓர் ஊரின் ரொட்டி மிகச் சிறந்தது என்றும், விவரம் தெரிந்த வழிப்போக்கர்கள் மேற்கொண்டு போகும் வழிக்காக அதைத் தோளில் சுமந்து செல்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரை அவர் சொல்லாததால் அல்தமூராக்காரர்கள் அது தங்கள் ஊர்தான் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். அங்குள்ள சூளைகளில் சில மிகப் பழையவை. முழு ரொட்டி வாங்கினால் நால்வருக்கு இரண்டு நாள் காலை உணவு ஆகிவிடும். தக்காளியை அறுத்துத் தேய்த்து, எண்ணெயும் ஒரேகானோவும் தூவினால் போதும்.

மத்தேராவில் சாசி எனப்படும் பாறைக் குடைவு வீடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். மனிதரும் கழுதையும் கோழியும் ஒரே குகைக்குள் வாழ்ந்த நிலையை நாட்டின் அவமானமாகக் கருதி, 1952இல் சட்டம் போட்டு அங்கிருந்த ஆயிரக்கணக்கானோரைப் புது வீடுகளுக்கு மாற்றினார்கள். 1993இல் அதே இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்று அக்குகைகளில் ஓர் இரவு தங்க ஆகும் வாடகையைக் கேட்டால், அன்று வெளியேற்றப்பட்டவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியவில்லை. தோள்பைக்காரர்கள் மேல் நகரில் அறை எடுப்பதே நல்லது. அந்நாளில் பெண்கள் வீட்டில் பிசைந்த மாவைப் பொதுச் சூளைக்கு அனுப்புவார்கள். யாருடைய ரொட்டி எது என்று தெரிய, குடும்பத் தலைவரின் பெயரெழுத்து செதுக்கிய மர முத்திரையை மாவின் மேல் அழுத்திவிடுவார்கள். அந்த முத்திரைகளை இன்று நினைவுப் பொருளாக விற்கிறார்கள். தோள்பையில் இடம் பிடிக்காது. சாப்பாட்டில் பெப்பெரோனி குருஸ்கி கேளுங்கள். சரமாகக் கோத்து உலர்த்திய சிவப்பு மிளகாயை எண்ணெயில் நொடிப்பொழுது பொரித்தெடுப்பது. மோர்மிளகாய் என்று நினைத்துக் கடித்தால் காரமே இராது, இனிக்கும்.

பிறகு பாரிக்குத் திரும்பி லெச்சேக்கு ரயில் ஏறுங்கள். ரீஜனல் வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். வழியிலுள்ள கடலோர ஊரான மொனோப்போலியில் இறங்கி ஒரு பகல் கழிக்கலாம். அல்பெரொபெல்லோவின் கூம்புக் கூரை வீடுகள் அழகுதான், ஆனால் பேருந்துக் கூட்டமும் நினைவுப் பொருள் கடைகளும் ஊரை மூடிவிட்டன. என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். லெச்சேயில் சைவ நண்பருக்கு ஓர் எச்சரிக்கை. காலையில் எல்லோரும் சாப்பிடும் பாஸ்தீச்சோத்தோ என்ற இனிப்பின் மேல்மாவில் பன்றிக்கொழுப்பும், உள்ளே முட்டைப் பாகும் சேர்ப்பது மரபு. அவருக்குப் பனிக்கட்டியின் மேல் ஊற்றிய காப்பியில் பாதாம் பால் கலந்து தரச் சொல்லுங்கள். ஐஸ்கிரீமிலும் பழச்சாற்று வகைகளைக் கேட்டால் முட்டைத் தொல்லை பெரும்பாலும் இராது.

தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். பூலியா நெடுகிலும் தெருவோரம் வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கும். அபெனைன் மலைக்கு அப்பாலுள்ள சேலே ஊற்றுகளிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த நீர் அது, 1915இல் பாரியை எட்டியது. புட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

கரிசல்காட்டான்:

தெற்கு என்று முடிவானால் நான் தடுக்கவில்லை. ஆனால் திரும்பும் விமானம் எங்கிருந்து என்று தம்பி இன்னும் சொல்லவில்லை. பொலோன்யாவிலிருந்தோ மிலானிலிருந்தோ என்றால், பாரியிலிருந்து அட்ரியாட்டிக் கரையோரமாகவே வடக்கே வரும் நேர் ரயிலில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் பொலோன்யா வந்துவிடலாம். கடைசி இரண்டு மூன்று நாட்களை மோதெனாவில் வையுங்கள். 1931இல் திறந்த அல்பினெல்லி சந்தைக் கூடத்துக்குப் பக்கத்தில் சமையலறையோடு வீடு எடுத்தால், தடையில்லாத இருவரும் உணவகத்தில் தொர்த்தெல்லினி சாப்பிடலாம். சைவ நண்பர் வீட்டில் பூசணியும் காளானும் சமைத்துக்கொள்ளலாம். பையில் அடைத்து விற்கும் உலர் பாஸ்தாவை டூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967இலிருந்தே சட்டம் இருக்கிறது. 'அல்லூவோவோ' என்று எழுதாதவற்றில் முட்டை இராது. சாப்பிட்ட பின் பொலோன்யாவுக்குப் போய் சான் லூக்கா குன்றுக்கு ஏறும் 666 வளைவுகள் கொண்ட மூடுநடையில் ஏறினால் நால்வருக்கும் செரித்துவிடும்.

அடுப்பங்கரை:

அது எனக்கும் சம்மதம். ஒன்று மட்டும் சொல்கிறேன். மூவர் வெளியே சாப்பிட ஒருவன் தனியே சமைப்பது என்று வைக்காதீர்கள். ஓர் இரவு உணவகம் என்றால் மறு இரவு எல்லோரும் வீட்டில் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடும் பிள்ளைக்கு அந்தக் கீரைத் தொர்த்தெல்லி பிடிக்கும். ஆனால் பார்மெசான் இல்லாமல் அது இல்லை என்பதை அவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நெய்தல்நிலவன்:

திரும்பும் விமானம் மிலானிலிருந்துதான். ஆகவே பாரி, அல்தமூரா, மத்தேரா, மொனோப்போலி, லெச்சே, அங்கிருந்து மோதெனா என்று முடிவு செய்துவிட்டோம். முட்டை நண்பன் பார்மெசானுக்குச் சம்மதம் என்கிறான். விடியற்காலைப் பாலாடைக்கட்டிக் கூடத்துக்கு நால்வரும் வருகிறோம். சைவ நண்பன் பார்ப்பதற்குத் தடையில்லை, ருசி பார்க்கும் தட்டை எங்களிடம் தள்ளிவிடுவதாகச் சொல்கிறான். பால்சாமிக் வினிகர் புட்டியை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

கணக்குப்பிள்ளை:

மோதெனாவின் மரபான வகை 100 மில்லி புட்டியில்தான் வரும். கைப்பைத் திரவ வரம்புக்குள் அது அடங்கும் என்றாலும், சோதனையில் வாதாடுவதைவிடத் துணிகளுக்கு நடுவே சுற்றி, பெட்டிச் சரக்காக ஏற்றும் பையில் வைப்பதே நிம்மதி. நால்வரில் ஒருவருடைய பையையாவது அப்படி ஏற்றும் விதமாகச் சீட்டு வாங்குங்கள். லெச்சேயிலிருந்து பொலோன்யா வரும் விரைவு வண்டிச் சீட்டை இப்போதே வாங்கிவிடலாம். புறப்படும் வாரத்தில் ரயில் வேலைநிறுத்த அறிவிப்பு உண்டா என்றும் பாருங்கள். இலையுதிர் காலத்தில் அது வழக்கம். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச ரீஜனல் வண்டிகளை ஓட்டியாக வேண்டும் என்று விதி இருப்பதால், அன்றைய நகர்வை அந்த நேரங்களுக்குள் அடக்கிக்கொள்ளலாம்.